நம்ம எம்.பி. எந்தப் பொத்தானை அழுத்தினார்? சட்டத் திருத்தங்கள் மீது நாடாளுமன்றம் வாக்களிக்கும் முறை: முழுமையான வழிகாட்டி

2024 தொடக்கத்தில் ஈரோட்டு ஜவுளிக் கடைவீதியிலும் திருப்பூரின் ஜாப் ஒர்க் யூனிட்டுகளிலும் எல்லார் வாயிலும் ஒரே எண்தான் அடிபட்டது: வருமானவரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு. குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கினால் எழுத்து ஒப்பந்தம் இருக்கும்போது அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். கெடு தாண்டி, நிதியாண்டு முடிவிலும் பாக்கி நின்றால் அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. மூன்று நான்கு மாதக் கடனில் சுழலும் சந்தைக்கு இது பெரிய அடி. பில் போடுபவர்களில் சிலருக்கோ பெரிய நிம்மதி.

அப்போது எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "ஏனுங்க, இதை எப்பப் பாஸ் பண்ணுனாங்க? நம்ம எம்.பி. இதுக்கு ஓட்டுப் போட்டாருங்களா, எதுத்தாருங்களா?"

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். 2023-ஆம் ஆண்டு நிதி மசோதாவில் இருந்த பிரிவு அது. 2023 மார்ச் 24 அன்று அரசு கொண்டுவந்த 64 திருத்தங்களோடு சேர்த்து, அமளிக்கு நடுவே, விவாதமே இல்லாமல் மக்களவை அந்த மசோதாவை நிறைவேற்றியது. இரண்டாவது கேள்விக்குப் பதிலே கிடையாது. குரல் வாக்கெடுப்பு என்பதால் யார் பெயரும் எங்கும் பதிவாகவில்லை.

பதில் கிடைக்கிற கேள்வியை எப்படிக் கேட்பது என்பதற்காகத்தான் இந்த வழிகாட்டி. "மசோதாவை ஆதரித்தீர்களா?" என்று எம்.பி.யிடம் கேட்டால் மேடைப் பேச்சுத்தான் பதிலாக வரும். "எந்தப் பிரிவுக்குத் திருத்தம் கொடுத்தீர்கள், அதை அவையில் முன்மொழிந்தீர்களா, டிவிஷன் (யார் எந்தப் பக்கம் என்று பெயர் பதிவாகும் வாக்கெடுப்பு) கேட்டீர்களா?" என்று கேட்டால் அவர் ஆவணத்தைக் காட்டியாக வேண்டும்.

படி 1: மசோதாவைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

ஏற்கெனவே உள்ள சட்டத்தைத் திருத்தும் மசோதாவைத் தனியாகப் படித்தால் ஒன்றுமே விளங்காது. "முதன்மைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில், இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்கள்" என்று துண்டு துண்டாகத்தான் இருக்கும். ஆனால் இத்தகைய மசோதாவின் பின்னிணைப்பில், திருத்தப்படும் பழைய பிரிவுகள் அப்படியே அச்சாகியிருக்கும். முதலில் அதைப் படியுங்கள். பிறகு மசோதாவின் பிரிவுகளுக்கு வாருங்கள். நோக்கங்களையும் காரணங்களையும் சொல்லும் அறிக்கையைக் கடைசியாகப் படித்தால் போதும், அது அரசின் தரப்பு வாதம். மசோதாக்கள் நாடாளுமன்றத்தின் சன்சத் டாட் இன் தளத்திலும், நடப்பிலுள்ள மூலச் சட்டங்கள் இந்தியா கோட் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன.

படி 2: எந்தக் கட்டத்தில் திருத்தம் வரும்

அறிமுகம், பரிசீலனை, நிறைவேற்றம் என்று மசோதாவுக்கு மூன்று கட்டம். அறிமுகத்தில் உள்ளடக்கத்தைத் திருத்த வழியில்லை. அறிமுகமே கூடாது என்று எதிர்க்கலாம், அதற்கும் வாக்கெடுப்பு உண்டு. பரிசீலனைக் கட்டம் இரண்டாகப் பிரியும். முதலில் பொது விவாதம். தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் ஆவேசப் பேச்செல்லாம் இங்கேதான். அடுத்துப் பிரிவு பிரிவாக வாக்கெடுப்பு. திருத்தங்களின் தலையெழுத்து முடிவாவது இந்த இடத்தில். சில சமயம் இது நள்ளிரவை நெருங்கும் நேரமாக இருக்கும். மூன்றாம் கட்டத்தில் சொற்பிழை நீக்குவது, முன்பு செய்த திருத்தத்தால் தேவைப்படும் மாற்றங்களைச் செய்வது தவிர வேறெதுவும் அனுமதிக்கப்படாது.

படி 3: குழுவிலேயே பாதி முடிந்துவிடும்

மசோதா நிலைக்குழுவுக்கோ தேர்வுக்குழுவுக்கோ இரு அவைக் கூட்டுக்குழுவுக்கோ போனால், நம் போன்றவர்களின் குரல் போய்ச் சேர ஒரு சந்து திறக்கிறது. குழு பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துக் கருத்துக் கேட்கும். கெடு குறுகியது. மனுவை வழக்கமாக ஆங்கிலத்திலோ இந்தியிலோ கேட்பார்கள் என்பது நமக்கு ஒரு கூடுதல் தலைவலி. சங்கங்கள் இதற்கென்று ஓர் ஆளை வைத்துக்கொள்வது நல்லது.

மின்சாரச் சட்டத் திருத்த மசோதா 2022 ஆகஸ்ட் 8 அன்று மக்களவையில் அறிமுகமாகி, எரிசக்தி நிலைக்குழுவுக்குப் போனது. உழவர் மின்சாரத்துக்காக நாராயணசாமி நாயுடு போராடிய மண்ணில், பம்ப்செட் வைத்திருப்பவரும் விசைத்தறி ஓட்டுபவரும் அதைக் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. 2024-இல் மக்களவையின் காலம் முடிந்ததும் மசோதா தானாகவே காலாவதியானது. மக்களவையில் நிலுவையில் நிற்கும் எந்த மசோதாவுக்கும் அந்த அவை கலைந்தால் இதே கதிதான்.

வக்பு திருத்த மசோதாவுக்கான கூட்டுக்குழுவில் நீலகிரி எம்.பி. ஆ. ராசா உறுப்பினர். அவிநாசியும் மேட்டுப்பாளையமும் பவானிசாகரும் அவர் தொகுதிக்குள் வருபவை. 2025 ஜனவரியில் அந்தக் குழு பிரிவு பிரிவாக வாக்கெடுத்தபோது ஆளும் கூட்டணி கொடுத்த 14 திருத்தங்கள் ஏறின, எதிர்க்கட்சிகள் கொடுத்தவை 16-க்கு 10 என்று விழுந்தன. தோற்றவர்கள் மாறுபட்ட கருத்துக் குறிப்பு எழுதிக் கொடுக்கலாம், ராசாவும் கொடுத்தார். அந்தக் குறிப்பு குழு அறிக்கையோடு அச்சாகும். என் கணக்கில், ஒரு எம்.பி. மசோதாவைப் படித்தாரா என்று தெரிந்துகொள்ள அவர் அவையில் பேசிய பேச்சைவிட இந்தக் குறிப்பே மேல்.

படி 4: திருத்த நோட்டீஸ்

மக்களவையில் ஒரு பிரிவுக்குத் திருத்தம் கொடுக்க நினைப்பவர், மசோதா பரிசீலனைக்கு வருவதற்கு ஒரு நாள் முன்பே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். தாமதமானால் சபாநாயகர் மனம் வைத்தால்தான் உண்டு. "பக்கம் 3, வரி 12, '45 நாள்' என்பதற்குப் பதிலாக '90 நாள்' என்க." திருத்தம் இவ்வளவுதான் இருக்கும். பக்கமும் வரியும் துல்லியமாக இருக்க வேண்டும், காரணத்தை அவையில் பேசிக்கொள்ளலாம்.

எல்லாத் திருத்தமும் செல்லாது. அந்தப் பிரிவின் எல்லைக்குள் இருக்க வேண்டும். அவை ஏற்கெனவே எடுத்த முடிவோடு முரண்படக் கூடாது. பிரிவையே ரத்துச் செய்வதாகவும் இருக்கக் கூடாது, அப்படி நினைப்பவர் பிரிவுக்கு எதிராக வாக்களித்தாலே போதும். வரி சம்பந்தப்பட்ட மசோதாக்களில் இன்னொரு கணக்கு உண்டு. வரியைக் கூட்டும் திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவரின் பரிந்துரை வேண்டும், குறைக்கவோ நீக்கவோ கோரும் திருத்தத்துக்கு வேண்டாம். அரசியல் சாசனத்தின் 117-ஆம் பிரிவு இது. "அதுக்கெல்லாம் ஜனாதிபதி அனுமதி வேணுங்க" என்று யாராவது தட்டிக் கழித்தால் இதை நினைவில் வையுங்கள்.

படி 5: பிரிவு வாரியாக வாக்கு

சபாநாயகர் பிரிவு எண்ணை வாசிப்பார். அந்தப் பிரிவுக்கு நோட்டீஸ் கொடுத்தவரின் பெயரைச் சொல்லி, திருத்தத்தை முன்மொழிகிறீர்களா என்று கேட்பார். நோட்டீஸ் கொடுத்துவிட்டு அந்த நேரத்தில் அவர் அவையில் இல்லையென்றால் திருத்தம் அங்கேயே செத்தது. முன்மொழிந்த பின் திரும்பப் பெற வேண்டுமானால் அவையின் அனுமதி தேவை. அமைச்சர் ஏதாவது உறுதி சொன்னதும், "அமைச்சரின் விளக்கத்தை ஏற்றுத் திரும்பப் பெறுகிறேன்" என்று உட்காருபவர்கள் உண்டு. அது சில சமயம் நல்ல பேரமாகவும் அமையும். அமைச்சர் அவையில் தந்த உறுதிமொழிகளைப் பின்தொடர்வதற்கென்றே ஒரு குழு இருக்கிறது.

வரிசை முக்கியம். முதலில் திருத்தங்கள் மீது வாக்கு. அவை தோற்றாலும் வென்றாலும், அதன் பிறகு பிரிவு முழுதாக வாக்குக்கு வரும்: "இந்தப் பிரிவு மசோதாவின் பகுதியாக நிற்கட்டும்." ஆக, ஒரு பிரிவுக்கே பல வாக்கெடுப்பு நடக்கலாம். எல்லாப் பிரிவும் முடிந்து, அட்டவணைகளும் முடிந்து, முதலாம் பிரிவு கடைசியில்தான் வரும். பெயரும் அமலாகும் தேதியும் அந்தப் பிரிவில்தான் இருக்கும்.

வாக்கு பெரும்பாலும் குரலில்தான். ஆதரிப்போர் "ஆம்", எதிர்ப்போர் "இல்லை" என்பார்கள், சத்தத்தைக் கேட்டு சபாநாயகர் முடிவு சொல்வார். நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவது போலத்தான், விலை படிந்தது தெரியும், யார் எவ்வளவு கேட்டார் என்பது தெரியாது. திருத்தங்களில் பெரும்பகுதி இப்படியே ஏறுகின்றன, இப்படியே விழுகின்றன.

அரசியல் நிர்ணய சபையும் திருத்தம் திருத்தமாகத்தான் நடந்தது. வந்த திருத்தங்கள் 7,635, அவற்றில் முன்மொழியப்பட்டவை 2,473 என்று முடிவுரையில் அம்பேத்கரே கணக்குச் சொன்னார். அந்தச் சபையில் பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியமும், டி.எஸ். அவினாசிலிங்கமும், குமாரமங்கலம் ஜமீன் ப. சுப்பராயனும் இருந்தார்கள். கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குதான் முன்மொழியப்பட்டது என்பதைப் பார்த்தால், நோட்டீஸ் வேறு, முன்மொழிவது வேறு என்பது அன்றைக்கே பழகிய விஷயம் என்று தெரிகிறது.

படி 6: டிவிஷன்

சபாநாயகர் சொன்ன குரல் முடிவை ஓர் உறுப்பினர் ஏற்காமல் டிவிஷன் கேட்கலாம். தேவையில்லாமல் கேட்கிறார் என்று தோன்றினால், ஆதரிப்போரையும் எதிர்ப்போரையும் இருக்கையில் எழுந்து நிற்கச் சொல்லித் தலையை எண்ணும் அதிகாரம் சபாநாயகருக்கு உண்டு. அப்படி எண்ணினால் பெயர் பதிவாகாது. முறையான டிவிஷன் என்றால் லாபிகளைக் காலி செய்யச் சொல்வார். மூன்றரை நிமிடம் மணி அடிக்கும், கேன்டீனில் இருப்பவர்கள் ஓடி வருவார்கள், கதவுகள் அடைபடும். பிறகு கேள்வியை மீண்டும் ஒரு முறை வாசித்ததும் இருக்கையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். பச்சை ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் நடுநிலை. கருவி சரியாகப் பதியவில்லை என்பவருக்குச் சீட்டு தருவார்கள்.

பலகையில் முதலில் தெரியும் எண்ணை நம்பி வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். 2024 டிசம்பர் 17 அன்று, ஒரே நாடு ஒரே தேர்தலுக்கான 129-ஆவது அரசியல் சாசனத் திருத்த மசோதாவை அறிமுகம் செய்யவே டிவிஷன் நடந்தது. புதிய மக்களவை அரங்கில் மின்னணு வாக்குப்பதிவு நடந்தது அதுவே முதல் முறை. பலகை முதலில் 220-க்கு 149 என்று காட்டியது. சீட்டுகளைச் சேர்த்த பின் 269-க்கு 198 ஆனது.

சாதாரணச் சட்டத்துக்கு, அவையில் இருந்து வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் போதும். நடுநிலைப் பொத்தான் அழுத்தியவர் வாக்களித்தவர் கணக்கில் வரமாட்டார். அவையை நடத்துபவர் வாக்களிக்க மாட்டார், சமநிலை வந்தால் மட்டும் வாக்கு உண்டு. 2014 முதல் 2019 வரை துணை சபாநாயகராக இருந்த கரூர் எம்.பி. மு. தம்பிதுரை நாற்காலியில் அமர்ந்து நடத்திய நேரங்களில் இந்த விதி அவருக்கும் பொருந்தியது. கரூர்க்காரர்கள் பட்டியலில் தங்கள் எம்.பி. பெயரைத் தேடுமுன் அன்றைக்கு நாற்காலியில் யார் என்றும் பார்த்திருக்க வேண்டும்.

டிவிஷன் கேட்டும் கிடைக்காமல் போகலாமா? 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் அதுதான் நடந்தது. வேளாண் மசோதாக்களைத் தேர்வுக்குழுவுக்கு அனுப்பக் கோரிய திருச்சி சிவாவின் தீர்மானம் உள்பட எல்லாமே குரலில் தள்ளப்பட்டன. எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன. கேட்டவர்கள் இருக்கையில் இல்லை, அவையில் ஒழுங்கும் இல்லை என்பது துணைத் தலைவர் தரப்பு. மறுநாள் 8 எம்.பி.க்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மஞ்சள் ஏலம் விடும் நம் ஊர் விவசாயிக்கு, யார் எந்தப் பக்கம் என்ற பட்டியல் அன்று கிடைக்காமலே போனது. அமளி செய்வது ஓர் எதிர்ப்பு முறைதான், மறுக்கவில்லை. ஆனால் இருக்கையை விட்டு எழுந்து மையப் பகுதிக்குப் போகும் எம்.பி., டிவிஷன் கேட்கும் தன் உரிமையைத் தானே பலவீனப்படுத்துகிறார் என்பது என் கருத்து.

படி 7: அரசியல் சாசனத் திருத்தம் என்றால் கணக்கே வேறு

இங்கே இரண்டு தடையைத் தாண்ட வேண்டும். அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. மக்களவையில் 543 இடமும் நிரம்பியிருந்தால் முதல் தடை 272. 1970-இல் மன்னர் மானிய ஒழிப்பு மசோதா மாநிலங்களவையில் 149-க்கு 75 வாங்கியும் தோற்றது. 224-இல் மூன்றில் இரண்டு பங்கு 149.33. ஒரு வாக்கில்கூட அல்ல, ஒரு வாக்கின் பின்னத்தில் போனது.

பலருக்கும் தெரியாத நுணுக்கம் ஒன்று இருக்கிறது. இத்தகைய மசோதாவில் ஒவ்வொரு பிரிவுக்கும் அந்தச் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும், ஆனால் பிரிவுக்கு வரும் திருத்தத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும். இதன் விளைவை 2017 ஜூலை 31 அன்று மாநிலங்களவை பார்த்தது. பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்துக்கு அரசியல் சாசன அந்தஸ்து தரும் 123-ஆவது திருத்த மசோதா. ஆளுங்கட்சி வரிசையில் பலர் வரவில்லை. மூன்றாம் பிரிவுக்கு எதிர்க்கட்சி கொடுத்த திருத்தம் சாதாரணப் பெரும்பான்மையில் வென்றுவிட்டது. திருத்தப்பட்ட அந்தப் பிரிவுக்கு மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காததால் பிரிவே மசோதாவிலிருந்து விழுந்தது. இதயத்தை எடுத்துவிட்டு மிச்சத்தை நிறைவேற்றி அனுப்பினார்கள். 2018-இல் மக்களவை சரிசெய்து, மாநிலங்களவையும் ஏற்று, 102-ஆவது திருத்தமாக அது சட்டமானது.

வெளிநடப்பையும் இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சாதாரண மசோதாவில் வெளிநடப்புச் செய்தால் ஆளுங்கட்சிக்குத் தேவையான எண்ணிக்கை குறைகிறது, அதாவது உதவிதான். 2016 ஆகஸ்ட் 3 அன்று ஜி.எஸ்.டி. அரசியல் சாசனத் திருத்தம் மாநிலங்களவையில் 203-க்கு பூஜ்யம் என்று நிறைவேறியது. எதிர்த்துப் பேசிய அ.தி.மு.க. வெளிநடப்புச் செய்தது. உற்பத்தி மாநிலங்களுக்காக இருந்த 1 சதவீதக் கூடுதல் வரியும் அன்று நீக்கப்பட்டது. உற்பத்தியையே நம்பியிருக்கும் திருப்பூரும் கோவையும் கவனித்திருக்க வேண்டிய திருத்தம் அது. பதிவேட்டிலோ எதிர்ப்பு வாக்கு ஒன்றுகூட இல்லை.

படி 8: கொறடா

எம்.பி. தன் மனப்படி வாக்களிப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். 1985-இல் அரசியல் சாசனத்தில் சேர்ந்த பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்), கட்சி கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் தவிர்த்தாலோ பதவி பறிபோகலாம், கட்சி 15 நாளுக்குள் மன்னித்தால் பிழைப்பார். ஆகவே ஒரு எம்.பி.யின் சொந்த முகம் வாக்கில் தெரிவதைவிட நோட்டீஸில் அதிகம் தெரியும். தொழில் சங்கங்கள் வாக்கெடுப்பு நாளில் டெல்லிக்குப் போன் போடுவதில் பயனில்லை, நோட்டீஸ் கெடுவுக்கு முன்னால் வரைவுத் திருத்தத்தைக் கையில் கொடுப்பதே பயன். எதிர்க்கட்சி எம்.பி. கொடுத்த திருத்தம் ஜெயிப்பது அபூர்வம். ஆனால் அமைச்சகம் அதிலுள்ள சங்கதியை எடுத்துத் தன் பெயரிலேயே அரசுத் திருத்தமாகக் கொண்டுவர வாய்ப்பு உண்டு. பெயர் யாருக்குப் போனால் என்ன!

படி 9: அடுத்த அவை

இரு அவைகளும் ஒரே வாசகத்தை ஏற்றால்தான் சட்டம். ஓர் அவை திருத்தினால் அந்தத் திருத்தங்கள் மட்டும் முதல் அவைக்குத் திரும்பும். ஜி.எஸ்.டி. மசோதா அப்படித் திரும்பி, ஆகஸ்ட் 8 அன்று மக்களவை 443-க்கு பூஜ்யம் என்று ஏற்றது. ஒத்துவராவிட்டால் கூட்டுக் கூட்டம். 1961-இல் வரதட்சணைத் தடை, 1978-இல் வங்கிப் பணியாளர் தேர்வாணைய ரத்து, 2002-இல் பொடா என்று இதுவரை மூன்றே முறை சட்டத்துக்காக நடந்திருக்கிறது. அரசியல் சாசனத் திருத்தத்துக்கு அந்த வழியும் கிடையாது.

பண மசோதாவில் மாநிலங்களவைக்கு 14 நாள் கெடு, பரிந்துரைக்க மட்டுமே அதிகாரம். 2016 மார்ச் 16 அன்று பண மசோதாவாகவே வந்த ஆதார் மசோதாவுக்கு மாநிலங்களவை ஐந்து திருத்தங்களைப் பரிந்துரைத்தது. அன்றே மக்களவை ஐந்தையும் தள்ளிவிட்டது.

"நம்ம காங்கேயம் காளைக்குச் சட்டசபைதானே திருத்துச்சு?" என்று கேட்பவர்களுக்கு: ஆமாம். பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960 மத்தியச் சட்டமாக இருந்தாலும் பொதுப் பட்டியலில் வருவது. அதனால் 2017 ஜனவரி 23 அன்று தமிழகச் சட்டமன்றம் ஜல்லிக்கட்டுக்காகத் தன் மாநிலத்துக்கு மட்டும் அதைத் திருத்தி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றது. எல்லாச் சட்டத்துக்கும் இந்த வழி திறக்காது. வருமானவரி போன்ற மத்தியப் பட்டியல் விஷயங்களைச் சென்னை தொடவே முடியாது.

படி 10: பதிவைத் தேடுவது

மசோதா பெயர், வாக்கெடுப்புத் தேதி இரண்டையும் குறித்துக்கொண்டு, சன்சத் தளத்தில் அன்றைய அவை விவாதத் தொகுப்பைத் திறவுங்கள். நள்ளிரவு தாண்டிய வாக்கெடுப்பு என்றால் அமர்வு தொடங்கிய நாளின் தொகுப்பில்தான் இருக்கும். வக்பு மசோதா மக்களவையில் 288-க்கு 232 என்று நிறைவேறியபோது நாள்காட்டியில் 2025 ஏப்ரல் 3, ஆனால் அமர்வு ஏப்ரல் 2 உடையது. டிவிஷன் பட்டியல் தொகுதி வாரியாக இராது, பெயர்களே இருக்கும். சீட்டில் வாக்களித்தவர், சீட்டில் திருத்தியவர் பற்றி அடிக்குறிப்பு இருக்கும். பெயரே இல்லையென்றால் அன்று வரவில்லை, வெளிநடப்பு, நாற்காலியில் இருந்தார் என்று பல காரணம் இருக்கலாம். அவசரப்பட்டுப் போஸ்டர் அடித்துவிட வேண்டாம். கையோடு அன்றைய திருத்த நோட்டீஸ் பட்டியலையும் பாருங்கள், குரல் வாக்கெடுப்பு நடந்த மசோதாக்களில் எம்.பி.யின் பெயர் கிடைக்கும் இடம் அதுதான்.

படி 11: முதலாம் பிரிவை மறக்காதீர்கள்

குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்து அரசிதழில் வந்துவிட்டால் சட்டம். அமலுக்கு வந்துவிட்டது என்று பொருளல்ல. முதலாம் பிரிவு ஒரு தேதியைச் சொல்லலாம், அல்லது "மத்திய அரசு அறிவிக்கும் நாளில்" என்று விட்டுவிடலாம். 43பி(எச்) திருத்தத்துக்குத் தேதி சட்டத்திலேயே இருந்தது: 2024 ஏப்ரல் 1. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்கு அப்படி இல்லை. கடைசி மூன்றும் 2020 செப்டம்பர் 23 அன்று, எதிர்க்கட்சிகள் புறக்கணித்த மாநிலங்களவையில் குரல் வாக்கில் நிறைவேறின. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்டைம் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அவை நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21-இல்தான். இடையில் கழிந்த ஐந்து ஆண்டுக்கும் மேலான காலத்துக்குக் கெடு வைத்திருக்கக்கூடிய திருத்தம், கொடுத்திருந்தால், முதலாம் பிரிவுக்குத்தான் வந்திருக்கும். அடுத்த முறை எம்.பி.யிடம் வரைவு கொடுக்கும்போது அந்த வரியையும் சேர்த்துக் கொடுங்கள்.